மரம் ஓடினால் ரயில் ஓடும்

ஆலங்கரிசலில் சினிமாக்காரர்கள் விட்டுவிட்டுப் போன பலகை ரயில்பெட்டி, ஒரு புரட்டாசிக் காலையில், உள்ளே உட்கார்ந்திருந்த பெண்களையும் அவர்களுடைய மல்லிகைக் கூடைகளையும் சுமந்துகொண்டு டவுன் பூ மார்க்கெட்டின் பின்சுவரோரம் போய் நின்றபோது, ராசகனிக்கு முதலில் தோன்றியது ஆச்சரியம் இல்லை, அடடா, காலில் செருப்பில்லாமல் வந்துவிட்டோமே என்பதுதான். இடுப்பில் இருந்த மகள் லோகிதா மூக்கை விடைத்து, "அம்மா, பஜ்ஜி வாசம்," என்றாள். பஜ்ஜி வாசம்தான். மார்க்கெட்டுக்குப் பின்னால் டீக்கடை வைத்திருக்கும் மலையாண்டி, கையிலிருந்த டீயை ஒரு முழத்துக்கு இழுத்து ஆற்றிவிட்டு, "என்ன ஆலங்கரிசல், திரும்ப ரயில் விட்டுட்டாகளா? கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்க தாயி, அடுப்புக்குக் காத்து வரலை," என்றார். பெண்கள் கூடைகளை இறக்கினார்கள். வெயில் இன்னும் சுவரேறவில்லை, மொட்டெல்லாம் விறைப்பாக இருந்தது, அன்றைக்கு அவர்களுக்கு அது போதும்.

இதை முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும். போன மாசிவரை ஆலங்கரிசலுக்கு நிஜமான ரயிலே இருந்தது. ஊருக்கு மேற்கே கருவேலங்காட்டு நடுவில் ஒரு சிமெண்டுத் திட்டு, ஒரு மஞ்சள் போர்டு, ஒரு வேப்பமரம், அவ்வளவுதான் ஸ்டேஷன். காலை பாசஞ்சர் அங்கே வந்து ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் நிற்கும், அந்தப் பெருமூச்சுக்குள் பூக்காரப் பெண்கள் அத்தனை பேரும் ஏறிவிடுவார்கள். ஏறுகிற ஆள் போதவில்லை என்று மேலே யாரோ முடிவுகட்டி, ஒரு நாள் வந்து போர்டைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ரயிலைப் பிடுங்கவில்லை. அது தினமும் அதே நேரத்துக்கு வந்து, நிற்காமல், கூவிக்கொண்டே போனது. பந்தியில் நம் இலையை மட்டும் தாண்டிப் போகிற பாயச வாளியைப் பார்க்கிற மாதிரி, ஊர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஊருக்குள் பூவுக்கு ஒரே வாசல் சோலைச்சாமி. அவருடைய குட்டியானை லோடு வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். அவர் சொன்னதுதான் எடை, அவர் சொன்னதுதான் விலை. ராசகனிக்கு அதுதான் ஆகவில்லை. புருசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்க, இவள் தனியாளாய்க் கரிசல் ஓரத்தில் செம்மண் அடித்து, குடத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்த தோட்டம் அது. ஒவ்வொரு செடியும் எப்போது தலைவலிக்கிறது, எப்போது பசிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். என் பூவை என் கையால் தராசில் போட்டு, என் வாயால் விலை சொல்லி விற்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் கேட்டது. "அதுக்கு ஏன்மா இவ்வளவு பேச்சு? நானும் அதைத்தானே செய்யுறேன்?" என்பார் சோலைச்சாமி. "நீங்க செய்யுறது உங்க வாயால மாமா," என்பாள் இவள், சிரித்துக்கொண்டேதான்.

பலகைப் பெட்டியின் கதை இன்னும் பழையது. ராசகனி இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு வெகுகாலம் முன்னால், ரயிலில் நடக்கும் வைரத் திருட்டை வைத்து ஒரு மர்மப் படம் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. அவர்களிடம் வைரத்துக்கும் வழியில்லை, ரயிலுக்கும் வழியில்லை. வைரத்துக்கு வளையல் துண்டு போதும் என்று முடிவானது. ரயிலுக்கு, ஊர்ப் பொட்டலில் பலகை அடித்து, சிவப்புச் சாயம் பூசி, சக்கரத்தைப் படமாக வரைந்து, ஒரே ஒரு பெட்டி செய்து நிறுத்தினார்கள். அந்த ஒரு பெட்டிதான் படத்தில் முழு ரயிலும். துப்பறிகிறவர் ஒரு கதவு வழியாக வெளியே போய், சுற்றி ஓடிவந்து, மறுகதவு வழியாக 'அடுத்த பெட்டி'க்குள் நுழைவார். அதற்குள் உள்ளே இருந்த ஊர்க்காரர்கள் தோள் துண்டைத் தலையில் கட்டி, தலைத் துண்டைத் தோளில் போட்டு, வேறு பயணிகள் ஆகிவிடுவார்கள். ஆவுடையப்பனுக்குத் துண்டே கிடையாது, அதனால் அவர் எல்லாப் பெட்டியிலும் குப்புறப் படுத்துத் தூங்குவார். புகைக்கு ஈர வைக்கோல். கூவலுக்கு நாதஸ்வரக் கோஷ்டியின் ஒத்து. வைரம் வைத்திருக்கும் பெட்டகத்தில் பிஸ்கட் கம்பெனிப் பெயர் நன்றாகத் தெரியும்.

பெட்டி ஆட வேண்டும் என்றால் அடியில் மூங்கிலைக் கொடுத்து ஆண்கள் நெம்புவார்கள். பெட்டி ஓட வேண்டும் என்றால் பெண்களும் பிள்ளைகளும் ஆளுக்கொரு புங்கங்கிளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னலை ஒட்டி, முன்னாலிருந்து பின்னால் ஓட வேண்டும். ஓடி முடித்தவர்கள் குனிந்து திரும்பிவந்து மறுபடி ஓட வேண்டும். "மரம் பின்னால போனா ரயில் முன்னால போகுது. சனம் மரத்தைத்தான் நம்பும், சக்கரத்தை யாரு பார்க்குறா?" என்று டைரக்டர் சொல்லிக்கொடுத்தார். அப்போது சிறு பிள்ளையாக இருந்த சீனியம்மாள் பயத்தில் திசை மறந்து பின்னாலிருந்து முன்னால் ஓடிவிட்டாள். பிலிம் வீணாகிவிடும் என்று அதையும் அப்படியே சேர்த்துவிட்டார்கள். அதனால் கொள்ளைக்காரன் முகமூடியோடு பாயப்போகிற உச்சக்கட்டத்தில் ரயில் ஒரு நொடி பின்னால் போகும். படம் வேறெந்த ஊரிலும் ஓடினதாகத் தெரியவில்லை. ஆலங்கரிசலில் வருசா வருசம் கோயில் கொடைக்கு வெள்ளை வேட்டி கட்டிப் போடுவார்கள், அந்த இடம் வரும்போது சீனியம்மாளுக்காக ஊரே விசிலடிக்கும். படம் நன்றாக இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. ரயிலே இல்லாமல் ரயிலை ஓட்டினோம்ல, என்றுதான் சொல்வார்கள்.

அந்தப் புரட்டாசிக் காலையில் சோலைச்சாமி வண்டியை விட்டு இறங்காமலே, "இன்னைக்குப் பாதி விலைதான். வேணுங்கிறவுக ஏத்துங்க, வேண்டாங்கிறவுக ஆட்டுக்குப் போடுங்க," என்றார். ராசகனி ஏற்றியிருந்த தன் கூடையைத் திரும்ப இறக்கினாள். அவள் இறக்கியதைப் பார்த்து மற்றவர்களும் இறக்கினார்கள். வண்டி காலியாகப் போனது. இறக்கின வீம்பு சரி, பூவை என்ன செய்வது? வெயில் ஏற ஏற மொட்டு துவளும், துவண்ட மொட்டைத் தொட்டுப் பார்க்கக்கூட மார்க்கெட்டில் ஆள் கிடையாது. நிழலுக்காகப் பெண்கள் பலகைப் பெட்டிக்குள் கூடைகளை ஏற்றி, ஈரச் சாக்கைப் போட்டு மூடி, பெஞ்சில் உட்கார்ந்து சோலைச்சாமியின் வம்சத்தை வரிசையாக ஏசிக்கொண்டிருந்தார்கள். காலாண்டு லீவில் இருந்த பிள்ளைகளுக்கு உள்ளே ஆளோடு பெட்டியைப் பார்த்ததும் கை பரபரத்தது. பெரியதுகள் மூங்கிலைக் கொடுத்து நெம்ப, சிறியதுகள் புங்கங்கிளையை ஒடித்துக்கொண்டு ஜன்னலோரம் ஓட, பெட்டி ஆடியது, மரங்கள் போயின, லோகிதா கைதட்டினாள், பிறகு பிள்ளைகளின் தலை தெரியவில்லை, மரங்கள் மட்டும் போயின, கண்மாய் போனது, கல்குவாரி போனது, டவுன் தண்ணீர்த் தொட்டி வந்தது. பெட்டி பொட்டலிலும் நின்றது, மார்க்கெட்டுச் சுவரோரமும் நின்றது. ஏறின கதவு ஊரில் இருந்தது, இறங்கின கதவு டவுனில் இருந்தது.

பூ நல்ல விலைக்குப் போனது. திரும்பி வருவதில்தான் தகராறு. பெண்கள் ஏறி உட்கார்ந்து, கதவைத் தட்டி, "விடுங்கலே வண்டியை!" என்று கத்தினார்கள். ஊரில் பிள்ளைகளுக்கு அது கேட்டது. உற்சாகமாக அதே பக்கமே ஓடினார்கள். வண்டி டவுனைத் தாண்டி, அடுத்த டவுனைத் தாண்டி, உப்பளங்களைத் தாண்டி, கடலில் முன்சக்கரப் படம் நனைகிற இடத்தில் போய் நின்றது. வந்தது வந்துவிட்டோம் என்று பெண்கள் இறங்கிக் கருவாடு வாங்கினார்கள். இங்கே பொட்டலில், காலிப் பெட்டியில் இருந்து கருவாட்டு வாசமும் அலைச்சத்தமும் வருவதைக் கேட்டுச் சீனியம்மாள் ஓடிவந்தாள். ஐம்பதைத் தாண்டின பொம்பளை, முட்டுக்கு மேல் சேலையைச் செருகினாள். "தள்ளுங்கலே, எல்லாவனும் ஒரே பக்கமா ஓடினா போனவுக எப்படிலே வருவாக?" என்று ஒரு கிளையைப் பிடுங்கிக்கொண்டு, சின்ன வயசில் எந்தப் பக்கம் ஓடியதற்காகத் தலையில் குட்டு வாங்கினாளோ அந்தப் பக்கமே, பின்னாலிருந்து முன்னால், மூச்சு வாங்க ஓடினாள். பெட்டி வந்து சேர்ந்தது. ராசகனி இறங்கினதும், "சித்தி, உங்களுக்கு ரெண்டு கருவாடு கூட," என்றாள்.

அதற்குப் பிறகு ஊருக்கு இது எப்படி நடக்கிறது என்று யோசிக்க நேரமில்லை, யார் ஓடுவது என்ற சண்டைக்கே நேரம் சரியாக இருந்தது. பெட்டியில் ஒரு ஆள் போக வேண்டும் என்றால் ஊரில் ஒரு ஆள் ஓட வேண்டும். இன்றைக்கு உட்கார்ந்து போனவள் நாளைக்குக் கிளை பிடிக்க வேண்டும், அதுதான் டிக்கெட். மாமியாரை உட்கார வைத்து மருமகள் ஓடினாள் என்பது ஒரு நாள் பேச்சாகவும், மருமகளை உட்கார வைத்து மாமியார் ஓடினாள் என்பது ஒரு மாதப் பேச்சாகவும் இருந்தது. ஆண்கள் முதலில் கிளை பிடிக்கக் கூச்சப்பட்டு மூங்கிலோடு நின்றார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்ததும் கூச்சம் போனது. புங்கங்கிளைக்கு மார்க்கெட், வேப்பங்கிளைக்கு ஆஸ்பத்திரி, உடைமுள்ளைப் பிடித்து ஓடினால் தாலுகா ஆபீஸ் என்று பழக்கத்தில் தெரிந்துகொண்டார்கள். முருங்கைக்கிளை மட்டும் பாதிவழியில் முறிந்துவிடும் என்பதால் அதைத் தொடக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவானது. கர்ப்பிணிகளுக்கு மெதுவாக ஓட வேண்டும் என்பதும்.

சோலைச்சாமியின் குட்டியானை தெருமுனையில் வெறுமனே நின்றது. அதில் பூனை குட்டி போட்டது. அவர் ஒரு வாரம் பொறுத்தார், இரண்டு வாரம் பொறுத்தார், பிறகு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரயில் ஆபீசுக்குப் போய், எங்கள் ஊரில் சிலபேர் திருட்டு ரயில் ஓட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

தணிகாசலம் என்ற அதிகாரி ஜீப்பில் வந்தார். கூடவே இரண்டு போலீஸ்காரர்கள். பொட்டலில் இறங்கி, பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, வரைந்திருந்த சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தார். சாயம் விரலில் ஒட்டியது. பெண்கள் அப்போதுதான் மார்க்கெட்டில் இருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இது யாரோட ரயில்?"

"இது ரயிலா? பலகை சார்," என்றாள் ராசகனி.

"இதுல டவுனுக்குப் போறதாப் புகார் வந்திருக்கு."

"போறோம். இன்னைக்குக்கூடப் போனோம். கத்தரிக்கா வாங்கியாந்தேன், வேணுமா?"

"அப்ப இது ரயில்தானே?"

ராசகனி கூடையை இறக்கி, சும்மாட்டை அவிழ்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரயிலுன்னா ரொம்ப நல்லது சார். ரயில் நிக்கிற இடத்துக்கு ஸ்டேஷன்னு பேரு. பிடுங்கிட்டுப் போன போர்டைக் கொண்டாந்து நடுங்க. ரயில் இல்லைன்னா அதுவும் நல்லது. பலகைப் பெட்டிக்குள்ள நாலு பொம்பளைக உக்காந்து பேசினா உங்களுக்கு என்ன வந்துச்சு? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க, கேட்டுக்கிடுதோம்."

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். தணிகாசலம் கெட்டவர் இல்லை. ஆனால் விசிலுக்குப் பிறகு எந்த அதிகாரியும் நல்லவராக இருப்பது கஷ்டம். "ரயில்னா அனுமதி இல்லாத ரயில், பறிமுதல். பலகைன்னா பொறம்போக்குல ஆக்கிரமிப்பு, அதுவும் பறிமுதல். எப்படிப் பார்த்தாலும் தூக்கணும். நாளைக்கு லாரி வரும்," என்றார்.

"அப்ப எப்படிப் பார்த்தாலும் எங்களுக்கு இல்லை?"

"இல்லை."

"சரி சார்," என்றாள் ராசகனி. அவ்வளவு சுலபமாக அவள் சரி என்றதில் தணிகாசலத்துக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

பொழுது சாயும்வரை ஊர் பொட்டலைவிட்டுப் போகவில்லை. பெட்டியை மறைத்து வைக்கலாம் என்றார்கள் சிலர், லாரிக்கு முன்னால் படுத்துக்கொள்ளலாம் என்றார்கள் சிலர். ஆவுடையப்பன், படுப்பதென்றால் நான் தயார், எனக்குப் பழக்கம்தான் என்றார். ராசகனி மடியில் பிள்ளையை வைத்து இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டே, "சித்தி, மரம் பின்னால போனா வண்டி முன்னால போகுது. மரம் முன்னால போனா வண்டி பின்னால போகுது. மரம் வண்டிகூடவே வந்தா?" என்று கேட்டாள்.

"கூடவே வந்தா அது மரமாடி? நாய்க்குட்டி," என்றாள் சீனியம்மாள். பிறகு வாயைத் திறந்தபடியே இருந்துவிட்டு, "அடியேய்," என்றாள். "கூடவே வந்தா, வண்டி எங்கடி போகும்?"

மறுநாள் காலையில் லாரி வந்தது, கிரேன் வந்தது, தணிகாசலத்தின் ஜீப்பும், வேடிக்கை பார்க்கச் சோலைச்சாமியின் குட்டியானையும் வந்தன. பெட்டியைத் தூக்கி லாரியில் வைத்துக் கயிறு கட்டினார்கள். ஒரு ஆள்கூடத் தடுக்கவில்லை. கிரேன்காரர் தன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார். அவரை ஊர் போகவிட்டது, அவர்மேல் யாருக்கும் ஒன்றும் இல்லை. லாரி முதல் கியரில் உறுமி நகரத் தொடங்கியதும், இரண்டு பக்கமும் பெண்கள் கிளைகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் சேர்ந்தார்கள். லாரி போகிற பக்கமே, லாரி போகிற வேகத்திலேயே, பக்கத்தில் நடந்தார்கள். லாரி வேகம் பிடித்தது, அவர்கள் ஓடினார்கள். ஒரு ஆள் களைத்தால் அடுத்த ஆள் கிளையை வாங்கிக்கொண்டாள், அவள் களைத்தால் அடுத்தவள். டிரைவர் ஜன்னலுக்கு வெளியே ஒரே புங்கமரம், அது விலகவே இல்லை.

வெகுநேரம் கழித்து டிரைவர் தலையை வெளியே நீட்டி, "சார், கிலோமீட்டர் ஏறுது, டீசல் இறங்குது, ஊரு மட்டும் நகர மாட்டேங்குது," என்றார். பின்னால் ஜீப்பும் சக்கரம் சுழல அதே இடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குப் பின்னால் குட்டியானை. மூன்று வண்டியும் புழுதி கிளப்பின. எதிர்த்தாற்போல ரேஷன் கடை அப்படியே நின்றது. கடையில் வரிசையில் நின்றவர்கள் டிரைவரிடம் நலம் விசாரித்தார்கள்.

உச்சிவெயிலில்தான் சோதனை வந்தது. ஓடுகிற கால் எத்தனை நேரம் ஓடும்? ஆவுடையப்பன் ஆர்வத்தில் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு வர, அது முருங்கையாக இருக்க, முறிந்தது. லாரி ஒரு முழம் நகர்ந்தது. கிளைகளின் இலை வாடித் தொங்கியது. லாரி இன்னும் ஒரு முழம் நகர்ந்தது. ரேஷன் கடை பின்னால் போனது. ஊர் எல்லைக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. அதைத் தாண்டிவிட்டால் தார் ரோடு, தார் ரோட்டில் லாரியோடு யாராலும் ஓட முடியாது. நாளைக்குக் காலையில் மறுபடி தெருமுனையில் கூடையோடு நின்று, குட்டியானையின் வாயைப் பார்க்க வேண்டும். ராசகனிக்கு அந்தக் காட்சி அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஓடினாள். காலில் முள் ஏறியது, எடுக்கவில்லை. பக்கத்தில் சீனியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். "முடியலைடி," என்றாள். கிளை வாங்க ஆள் இல்லை.

அப்போது குட்டியானையின் கதவைத் திறந்துகொண்டு ஒருத்தி இறங்கினாள். சோலைச்சாமியின் பெண்டாட்டி மாரீஸ்வரி. கையில் வண்டிக்குத் திருஷ்டிக்காகக் கட்டியிருந்த வேப்பங்கொத்து.

"ஏய், எங்க போற?" என்றார் சோலைச்சாமி.

"ஓடப் போறேன்."

"யாருக்கு எதிராடி? உன் புருசன் வண்டிடி இது!"

"எங்க அம்மா பூவையும் நீங்க பாதி விலைக்குத்தான எடுத்தீக? அவ வாயைத் திறக்கலை. நான் வாயைத் திறந்து பேசவா, காலை எடுத்து ஓடவா? எது உங்களுக்கு வசதி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், சீனியம்மாள் உட்கார்ந்த இடத்தில் இருந்து ஓடத் தொடங்கினாள். உட்கார்ந்தே பழகின உடம்பு. ஆனால் அவளுக்கு அன்று காலையில் இருந்து ஓடின களைப்பு இல்லையே. அவள் ஓடுவதைப் பார்த்து, வரப்பில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அவள் தங்கச்சி ஓடிவந்தாள், அவளுக்குப் பின்னால் மேலத்தெரு முழுக்க வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தட்டை எறிந்துவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். எல்லைக்கல் கிட்டே வந்த லாரி, எல்லைக்கல் கிட்டேயே நின்று ஓடியது. கடைசியில் டீசல் தீர்ந்ததா, டிரைவர் தீர்ந்தாரா தெரியவில்லை, எஞ்சின் அணைந்தது. டிரைவர் இறங்கி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "யம்மா, யாராச்சும் கொஞ்சம் நீச்சத்தண்ணி குடுங்க," என்றார். ஓடின பெண்கள் அத்தனை பேரும் செம்பு எடுக்கத் திரும்பவும் ஓடினார்கள்.

தணிகாசலம் ஜீப்பை எடுத்துப் பார்த்தார், கிளைகள் கூடவே வந்தன; இறங்கி, ராசகனி வீட்டுத் தெருவழியாக நடந்து பார்த்தார். நடந்தபோது லோகிதா ஒரு துளசிக் கொத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கூடவே நடந்தாள், அவர் வேகமாக நடந்தால் அவளும் குடுகுடுவென்று ஓடினாள்; வியர்த்து நின்று பார்த்தபோது அவர் ராசகனி வீட்டு வாசலிலேயே இருந்தார். வாசலுக்கு வந்த ஆளைச் சும்மா அனுப்ப முடியுமா? ராசகனி காலில் இருந்த முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். போலீஸ்காரர்கள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

"நான் எப்படிம்மா ஊருக்குப் போறது?" என்றார் தணிகாசலம், கை கழுவிக்கொண்டே. "வீட்ல தேடுவாங்க."

"சாயங்கால ரயில்ல போங்க சார்."

"இங்கதான் ரயில் நிக்காதே," என்றார். சொன்ன பிறகு அது அவர் காதிலேயே விழுந்தது. ராசகனி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து, இன்னார் பேசுகிறேன், ஆலங்கரிசலில் சாயங்கால வண்டியை நிறுத்துங்கள், ஆமாம், போர்டு இல்லாத இடம்தான், எனக்குத் தெரியும், நான்தான் பிடுங்கச் சொன்னேன், நிறுத்துங்கள் என்று சொன்னார்.

சாயங்கால வண்டி வந்து நின்றது. தணிகாசலமும் போலீஸ்காரர்களும் ஏறிக்கொண்டார்கள், ஊரே கையசைத்தது. ஜீப்பும் லாரியும் எல்லைக்கல்லருகே நின்றுவிட்டன. அரசாங்கச் சொத்தை அப்படி விட்டுவிட முடியாது என்பதால் அதற்கு ராத்திரிக்கும் பகலுக்கும் மாற்றி மாற்றிக் காவலாள் அனுப்பினார்கள். ரோடு வழியாக அந்தக் காவலாள் வந்துவிடலாம், ஆனால் திரும்பிப் போக ரோடு விடாது என்பதால் அவருக்காகக் காலை பாசஞ்சரும் நிற்க வேண்டியதாயிற்று. ராத்திரிக் காவலாள் காலையில் ஏறுவார், பகல் காவலாள் இறங்குவார். இது தற்காலிக ஏற்பாடுதான், லாரியை மீட்கும்வரை மட்டும் என்று ரயில் ஆபீசில் சொல்கிறார்கள். மீட்க யாராவது வருகிற நாளில் ஆலங்கரிசலில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, கிளைகள் தயாராக இருக்கின்றன.

வண்டி நின்ற முதல் காலையில் ராசகனி செருப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். கூடையை ஏற்றி, பிள்ளையை ஏற்றி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பரிசோதகர் வந்து எங்கே ஏறினாய் என்று கேட்டார். "ஆலங்கரிசல்," என்றாள், பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி.

அவர் கையிலிருந்த மிஷினைத் தட்டிப் பார்த்தார். "அப்படி ஒரு ஸ்டேஷனே இதுல இல்லையேம்மா."

"அதுல இல்லாட்டா வெளிய பாருங்க சார். வண்டி நின்னுக்கிட்டுத்தான இருக்கு? டிக்கெட்டைக் குடுங்க, ஒரு பெருசு, இதுக்கு வயசு இன்னும் ஆகலை."

பரிசோதகர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். கார்டு பச்சைக்கொடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில், தலையில் பூக்கூடையோடு, தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ சிரித்துப் பேசியபடி, மாரீஸ்வரி நடந்து வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை.